பால் பல்லைப் பார்த்துச் சிறுமி என்று கொண்டுபோன என் மனைவியைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
கோ. சுந்தரபாண்டி (வயது 26),
த/பெ. கோட்டைச்சாமி,
கிழக்குத் தெரு, மேலக்காட்டூர்,
வெம்பக்கோட்டை வழி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ள என் மனைவி வீரலட்சுமியை (வயது 21) கைக்குழந்தையிடம் சேர்த்து வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் கூலித் தொழிலாளி. சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்த நேரத்தில், குழந்தைத் தொழிலாளர் சோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவள் ஆள் சிறுகூடு, பார்த்தால் சின்னப்பிள்ளை போலிருப்பாள். பிறவியிலேயே உதடும் மேல்வாயும் பிளந்தவள். மூக்கால் வரும் அவள் பேச்சு பழகியவர்களுக்கே விளங்கும். அவள் சொன்னது யாருக்கும் புரியாமல், நான் உள்ளேயிருந்து வருவதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

2. வயதைச் சோதித்த மருத்துவர், பால் பற்கள் விழவில்லை, வர வேண்டிய பற்கள் வரவில்லை, ஆகவே பதினான்கு நிரம்பவில்லை என்று எழுதிவிட்டார். ஐயா, அந்தப் பற்கள் அவளுக்கு இனி வரவே வராது. முன்பு மதுரை இலவச முகாமில் பல் டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார்கள். உதடு பிளந்து பிறந்தவர்களில் பலருக்குச் சில பற்கள் முளைப்பதில்லையாம். அங்கே பால் பல்லே நின்றுவிடுமாம். பிளவின் ஓரத்தில் கூடுதல் பல்லும் முளைக்குமாம். அவளுக்கு இரண்டும் உண்டு. எக்ஸ்ரே எடுத்தால் ஈறுக்குள் பல் இல்லாதது தெரியும்.

3. வயதைக் காட்டுவதற்கு வேறு ஆதாரம் இல்லை. வீட்டில் பிறந்தவள். பள்ளியில் பிள்ளைகள் அவளைப் போலப் பேசிக் காட்டியதால் நின்றுவிட்டாள். வாக்காளர் அட்டைக்கும், இருக்கன்குடி கோயிலில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கும் போட்டோவே வேண்டாம் என்றாள்.

4. காப்பகத்துக்குப் போய், என் சம்சாரம், கைப்பிள்ளைக்காரி என்று சொன்னேன். அப்படியானால் சிறுமியைக் கட்டியதற்கு உன்மேல் வழக்கு, நில் என்றார்கள். நான் நிற்கவில்லை. பயந்து ஓடி வந்துவிட்டேன். வேன் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

எங்கள் மகள் எழிலுக்கு மூன்று மாதம். தாயைப் போலவே பிறந்திருக்கிறாள்; மார்பில் உறிஞ்ச முடியாது. வீரலட்சுமிதான் பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கடைவாய் ஓரமாகச் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். இப்போது என் அக்கா தங்கத்தாய் ஊட்டுகிறார். பால் மூக்கில் ஏறுகிறது. நேற்றுப் புரையேறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. அழுகைச் சத்தமும் குறைந்து வருகிறது. பிள்ளை போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது, ஐயா. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனபோதும், புருஷனை வரச்சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இம்மனுவை எழுத உட்கார்ந்தபோது அக்கா, "எழுதாதலே, உன்னையும் புடிச்சு உள்ள வச்சிருவாக" என்று அழுதார். நடந்தாலும் நடக்கும். ஆனாலும் முகவரியைச் சரியாகவே எழுதியிருக்கிறேன்.

பல் மருத்துவரைக் கொண்டு அவளை மறுபடி பரிசோதிக்க உத்தரவிடக் கோருகிறேன். அதற்குள் என்னைப் பிடிக்க வண்டி அனுப்புவதானால், அந்த வண்டியிலேயே வீரலட்சுமியை அனுப்பி வையுங்கள். ஓடமாட்டேன். வாசலிலேயே நிற்கிறேன்.

இடம்: மேலக்காட்டூர்
நாள்: 15.10.2004

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கோ. சுந்தரபாண்டி