மரத்தின் மேல் போட்ட பழி

11 பிப்ரவரி 1999

பால்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மிளகு பறிப்பு, ஊரே தோட்டத்தில் கிடக்கிறது. சத்துமாவு மிஞ்சிவிட்டது. நாளைக்கு ரிப்போர்ட் கேட்பார்கள், கேட்கட்டும்.

அவர் காலையிலிருந்தே நெஞ்சு கரிக்கிறது என்றார். மரவள்ளிக் கிழங்கு சேரவில்லையாம். சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாமியாருக்கு அதற்கும் ஒரு பேச்சு: "எம் மவன் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ ஆக்கிப் போடற லட்சணம் அப்படி." ஆமாம், எல்லாவற்றுக்கும் நான்தான்.

15 பிப்ரவரி

விழுந்துவிட்டார். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்திலிருந்து. மூச்சு இருக்கிறது. ஜீப் வந்துவிட்டது.

19 பிப்ரவரி, சேலம்

இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அதோடு போகும் என்று நினைத்தேன். டாக்டர் ஈசிஜி தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சொல்கிறார். விழுந்ததால் நெஞ்சு கெடவில்லையாம், நெஞ்சு அடைத்ததால்தான் விழுந்தாராம். முப்பத்தொன்பது வயசு. ஒல்லிக்குச்சி. களியும் சாமைச் சோறும் தின்று மேடு பள்ளம் ஏறி இறங்குகிற மனுசனுக்கு மாரடைப்பா?

குடும்பத்தில் யாராவது இளவயசில் இப்படிப் போனார்களா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். மாமனார் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து செத்தார். மாமனாரின் அண்ணனும் மரத்திலிருந்துதான். மாமனாரின் தம்பியும் — சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். டாக்டரும் எழுதுவதை நிறுத்தினார்.

மூன்று பேர். யாரும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. அடப்பாவிகளா, ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை? ஏன், எனக்கே இன்றைக்குத்தானே வந்தது.

2 மார்ச்

நாங்கள் சேலத்தில் இருக்கும்போதே அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஆளைத் தள்ளிய மரத்தை நிற்க விடக்கூடாது, வேரில் சேவல் ரத்தம் விட்டால்தான் அடுத்த ஆளைக் கேட்காது என்பது இங்கே வழக்கம். மாமனாருக்கும் அப்படித்தான் செய்தார்களாம். வெட்டியது என் கொழுந்தன் சின்னராசு. பெரிய வேலை பார்த்துவிட்டவன் மாதிரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து அண்ணனிடம் சொன்னான்.

28 மார்ச்

சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை. "பாத்தியா!" என்றார் மாமியார். ஆனால் டாக்டர் விடவில்லை, ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி இன்னொன்று பார்த்தார். அது இன்று வந்தது.

கொழுப்பைச் சுமந்து போகிற துகள் எல்லார் ரத்தத்திலும் இருக்கிறதாம். அதில் ஒரு வகைக்கு வால் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமாம். அது கூடுதலாக இருந்தால் ரத்தக் குழாயில் படிந்து அடைக்குமாம். அவருக்கு அது கணக்கில்லாமல் இருக்கிறது. "சோத்துல வர்றதில்லம்மா, பொறக்கும்போதே கூட வர்றது. கூடப் பொறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம்" என்றார். அதைக் குறைக்க இன்றைக்கு நல்ல மருந்து இல்லையாம். ஆனால் இருப்பது தெரிந்தால் பீடியை விடலாம், நெஞ்சைப் பரிசோதிக்கலாம், அடைப்பு இருந்தால் முன்கூட்டியே வைத்தியம் பார்க்கலாம்.

சங்கீதாவின் ரத்தத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தோம். என் மகளுக்கு இல்லை. அழுதுவிட்டேன்.

தம்பியை உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

4 ஏப்ரல்

சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சின்னராசு: "மரத்த வெட்டியாச்சு, அதோட முடிஞ்சுதுங்க அண்ணி. நல்லா இருக்கிறவன எதுக்கு நோயாளி ஆக்கறீங்க?"

அவன் பெண்டாட்டி அம்சவேணி: "உங்க புள்ளைக்கு இல்லேன்னு வந்திருச்சு. அந்த நோவு எங்க ஊட்டுக்குத்தான் வேணுமா?"

மாமியார்: "எங்க வம்சத்து ரத்தத்துல அழுக்கிருக்குன்னு சொல்ல வந்துட்டியா?"

அவர் கட்டிலில் படுத்தபடி கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. 'போய்ட்டு வாடா தம்பி' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாயில் என்ன கொழுக்கட்டையா?

20 ஜூன்

அம்சவேணி பேசுவதில்லை. பேசாமலே போகட்டும்.

26 செப்டம்பர்

சோளக்காட்டுச் சந்தையில் சின்னராசுவைப் பார்த்தேன். அன்னாசி மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு மார்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். உன் புள்ளை மேனகா முகத்தைப் பார், ஒரே ஒருநாள் சேலம் வந்துவிட்டுப் போ என்றேன்.

"பாக்கலாங்க அண்ணி" என்றான்.

பார்ப்பான், பார்ப்பான். நான் என்ன, அவன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?

23 ஜனவரி 2000

பறிப்பு தொடங்கிவிட்டது. இவர் ஊன்றுகோலோடு முற்றம் வரைதான். அதனால் இரண்டு தோட்டமும் சின்னராசு தலையில். ஏணியின் உச்சிப்படியில் அவன் நிற்கும்போது நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

"நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று இவரிடம் கேட்டேன்.

"அவனென்ன சின்னப் புள்ளையா, அவனுக்குத் தெரியாதா" என்றார்.

12 பிப்ரவரி

சின்னராசு போய்விட்டான். மரத்தில் இல்லை. செம்மேட்டில் டீக்கடைப் பெஞ்சில், கையில் டம்ளரோடு. முப்பத்தாறு வயசு.

14 பிப்ரவரி

இந்தத் தடவை பழி போட மரம் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன்.

"சொல்லிச் சொல்லியே கொன்னுட்டாளே" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. ஐயோ, கையைப் பிடித்து இழுத்தாவது பஸ்ஸில் ஏற்றியிருக்கலாமே. நல்ல பையன். கல்யாணமாகி வந்தபோது என் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன்.

இவர் அழவில்லை. அதுவும் ஒரு துக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

26 மார்ச்

விடிகாலையில் அம்சவேணி வந்து நின்றாள், மேனகாவை இழுத்துக்கொண்டு. "சந்தைக்குப் போறேன்னு அத்தைகிட்டச் சொல்லியிருக்கேன். அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அக்கா." இப்போது வருகிறாள். இப்போது! நாக்கு நுனி வரை வந்தது. புள்ளையைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

16 ஏப்ரல்

மேனகாவுக்கு இருக்கிறது. ஒன்பது வயசு. இப்போதே பயப்பட வேண்டியதில்லை, வருசா வருசம் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், வளைவுகளில் புள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். சின்னராசு ஒரு தடவை வந்திருந்தால் ஆள் இருந்திருப்பானே என்று வாய் தவறி வந்துவிட்டது. அம்சவேணி சண்டைக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு கெளம்புனாருங்க அக்கா. பொங்கல் முடிஞ்ச கையோட. துணியெல்லாம் பையில எடுத்து வெச்சாச்சு. அவரு அண்ணன்தான் தடுத்தாரு. 'நானோ மொடங்கிக் கெடக்கறேன், நீயும் போய் ஆஸ்பத்திரில படுத்துட்டா மொளகை யாரு பறிக்கறது? பறிப்பு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்'னு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொல்லிப்போட்டாரு."



வீட்டுக்கு வந்தேன். "மேனகாவுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மிளகு நல்ல விலைக்குப் போயிற்றா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மாத்திரை வேளை. விழுந்த நாளிலிருந்து நான்தான் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து வந்தேன். இன்று மாத்திரையையும் தண்ணீரையும் அவருக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.