இரண்டு பக்கமும் நானே

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. முதல் பாதியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவுக்குச் சளி விட்டதா? உன் டிரைவிங் ஸ்கூலின் பழைய கார் மேடு ஏறும்போது இன்னும் முனகுகிறதா?

பொட்டலத்தைப் பார்த்து ஏதோ இனிப்பு என்று ஆசையாகப் பிரித்திருப்பாய். மன்னித்துக்கொள். உள்ளே இருக்கும் சாம்பல் நிற உருண்டைதான் நான் இங்கே செய்யும் ஆராய்ச்சி. கணினியில் நான் வரைந்ததை, முப்பரிமாண அச்சு இயந்திரம் ரப்பர் போன்ற ஒரு பொருளை இழை இழையாக அடுக்கிச் செய்து கொடுத்தது. இதன் ஜோடி என்னிடம் இருக்கிறது. ஒன்றை அழுத்தினால், எவ்வளவு தூரமானாலும், இணையம் வழியாக மற்றது கைக்குள் புடைக்கும். அவ்வளவுதான். இதற்கா இத்தனை படிப்பு என்று மாமா கேட்பார். கேட்கட்டும்.

போன மாதம் ஆராய்ச்சிக்கு நிதி தருகிறவர்கள் பார்க்க வந்தார்கள். எனக்கு ஒரே தெம்பு. மாதக்கணக்கில் சோதித்து ஒரு தடவைகூடத் தவறாத சாமான் அல்லவா? ஒன்றைக் கணக்குப் பிரிவு அம்மாளிடம் கொடுத்துப் பக்கத்து அறையில் உட்காரவைத்தேன். இங்கிருந்து அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

வந்தவர்கள் போன பிறகு என் வழிகாட்டி, இத்தனை நாள் இதை யாரோடு சோதித்தாய் என்றார். என்னோடுதான் என்றேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எப்போது அழுத்துவேன் என்று எனக்கே தெரியுமாகையால் லேசாகப் புடைத்தாலும் கை கண்டுகொண்டது. தெரியாதவர் கைக்கு அது எட்டவே இல்லை. வழிகாட்டி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் நீயே இருந்தா எதுதான் வேலை செய்யாது?"

கற்றுக்கொள்ள வருபவர், சொல்லிக்கொடுக்கும் உன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதை மறந்து, தானே வண்டியை நிறுத்தியதாகப் பெருமைப்படுவார் என்பாயே, அந்தக் கதைதான். என் வண்டியில் இரண்டு சீட்டிலும் நானே.

இப்போது உருண்டை புடைக்கும் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் சரியாக வராவிட்டால் இந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள். உனக்கு நெருங்கிய ஆள் ஒருவரோடு சோதி, முகத்துக்காக நல்லா இருக்கு என்று சொல்லாத ஆளாகப் பார் என்று வழிகாட்டி சொன்னார். நானும் யோசித்துப் பார்த்தேன். இங்கே எல்லோரும் நல்லவர்கள்தான். மாடிப்படியில் சிரிப்பார்கள், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அசையாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருப்பதை விளக்குக்குக் காட்ட அடிக்கடி கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியாக நீ போன் செய்தபோது, "உன்கிட்ட பேசுறதும் ரெக்கார்ட் பண்ண குரல்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான்டா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. நீ கேட்டதற்கெல்லாம் நன்றாக இருக்கிறேன், வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நன்றாக இல்லை அக்கா. சொன்னால் கிளம்பி வா என்பாய், வந்துவிடுவேனோ என்று பயம்.

இந்த உருண்டையைக் காரிலோ தலையணைப் பக்கமோ கைக்கு எட்டும் இடத்தில் வை. நான் எப்போது அழுத்துவேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் சோதனை கெட்டுவிடும். தெரிந்தால் திருப்பி அழுத்து. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுது, எனக்காகப் பொய் சொல்லாதே. ஆராய்ச்சிக்கு அது போதும்.

ஆராய்ச்சி கிடக்கட்டும். என் மேல் கோபம் இருந்தால் கோபமாகவே அழுத்து, அக்கா. நசுங்காது. ஒரு தடவையாவது, நான் எதிர்பாராத நேரத்தில் அது என் கையில் புடைக்கட்டும்.

உன் கைக்காகக் காத்திருக்கும்,
தம்பி