நம்ம புள்ளைக்கு என்ன கூலி

6-8-72, ஞாயிறு

தங்கதுரைக்குக் கிடைத்த டைரி இது. பெட்டியிலேயே கிடந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் பந்தாட்டப் பைனல் அன்று, என் பிள்ளை நன்றாக ஆடினான் என்று மேடைக்குக் கூப்பிட்டு இதைக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் ஊர் டீமுக்கு ஆடி அவன் வாங்கியது இது ஒன்றுதான். அன்றைக்கே யாரோ ஒருவனுடைய பூட்ஸ் ஆணி அவன் காலைக் கிழித்திருந்தது. நம் பையன்களுக்கு வெறுங்கால்தானே. நொண்டிக்கொண்டே போய் வாங்கினான். பொங்கலன்று தாடை இறுகிவிட்டது. ரண ஜன்னி என்றார்கள், உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோ என்றார்கள். ஜனவரி பதினெட்டு காலையில், கார் கேட்டு கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் நின்றேன்.

"நம்ம புள்ளைக்கி நான் செய்யமாட்டனா? சாயங்காலம் பாக்கலாம்க்கா."

சாயங்காலம் என் பிள்ளை இல்லை.

9-8-72

பீங்கான் கம்பெனியில் டீ கப்புக்குக் காது ஒட்டுவது என் வேலை. மண் ஈரமாக இருக்கும்போதே ஒட்ட வேண்டும். காய்ந்தபின் ஒட்டினால் சூளையில் கழன்றுவிடும். இன்று நிறையக் கழன்றது. மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

3-9-72, ஞாயிறு

பழமலை வந்தான். தங்கதுரையோடு ஆடியவன், கோல் காப்பவன். டிக்கெட் வசூலில் எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று பையன்கள் கமிட்டியில் கேட்டார்களாம். ராஜமாணிக்கம் சிரித்தாராம். "மெட்ராஸ்காரன் வெளியாளு, கூலி குடுத்தாதான் வருவான். நீங்க நம்ம புள்ளைங்க. நம்ம புள்ளைக்கி யாருனா கூலி குடுப்பாங்களாடா?"

"அவனுக்குப் பிரியாணி, எங்களுக்கு பன்னு. அவன் அடிச்சா கோலு, நாங்க அடிச்சா ஊர்ப்பாசம், பெரிம்மா" என்றான். சிரிப்பு வந்தது. எத்தனை மாதம் கழித்து!

போன பைனலில் நம் டீமுக்குக் கூலிக்கு ஆடிய அந்த மெட்ராஸ்காரனை நினைத்தாலே வயிறு எரிகிறது.

19-11-72

ராஜமாணிக்கம் வீடு தேடி வந்தார். இந்த வருடம் தங்கதுரை நினைவுக் கோப்பையாம். மைதானத்தில் வைக்க அவன் படம் வேண்டுமாம். நான்தான் கப்பு கொடுக்க வேண்டுமாம்.

"ஒண்ணு கேக்குறேன். டிக்கெட் காசுல அடிபட்டவனுக்கு மொதல்ல பாக்கணும். அப்புறந்தான் மத்தவங்களுக்கு."

"அதுக்கென்னக்கா, செஞ்சிட்டாப் போவுது."

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

24-12-72, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். மேசையில் படம், மாலை, பக்கத்தில் கப்பு. அதற்கும் இரண்டு காது.

பாதி ஆட்டத்துக்கு மேல் அந்த மெட்ராஸ்காரன் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கயிற்றுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வேறு ஆளை இறக்கினார்கள். ஆட்டம் நடக்கிறது! அவன் மண்ணைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். ராஜமாணிக்கத்திடம் போனேன்.

"சொன்னீங்களே?"

"அவன் வெளியாளுக்கா. கூலி முன்னாடியே வாங்கிட்டான். நமக்கும் அவனுக்கும் என்ன?"

"எம்புள்ளைக்கி நம்மாளுன்னு இல்ல. இவனுக்கு வெளியாளுன்னு இல்ல. அப்ப யாருக்குத்தான்யா இந்தக் காசு?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டேன். பழமலை கோலை விட்டுவிட்டு ஓடி வந்தான். காலியாக நின்ற கோலில் எவனோ பந்தை அடித்தான். ஒருவரும் கைதட்டவில்லை.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மடியில் படமும் அவன் காலும்.

25-12-72

கஞ்சி கொண்டுபோனேன். பேர் சூசையாம். இன்றுதான் கேட்டேன். ஒரு வருடமாக இவனைத்தானா சபித்தேன்?

"காலு இருந்தாதாம்மா கூப்புடுவாங்க. இனிமே எவன் கூப்புடப்போறான்?" என்றான். இரண்டு பெண் குழந்தைகளாம்.

7-1-73

டிசம்பர்ப் பக்கம் தீர்ந்துவிட்டது. எழுதாமல் விட்ட முன்பக்கங்களுக்கு வந்திருக்கிறேன்.

அடிபட்டால் யார் பார்ப்பது என்று நோட்டீசில் அச்சடிக்கும்வரை மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று பையன்கள் சொல்லிவிட்டார்களாம். "ஊர் டீமு இல்லாம எவன் டிக்கெட்டு வாங்குவான்?" என்கிறான் பழமலை.

16-12-73

நோட்டீஸ் வந்தது. தங்கதுரை பேர் இல்லை. ராஜமாணிக்கத்தின் அப்பா பேரில் கப்பு. பையன்களுக்குக் கூலி மட்டும் பழையபடியே இல்லை. கீழே கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: காயப்படும் ஆட்டக்காரர் எந்த ஊராராயினும் வைத்தியச் செலவு டிக்கெட் வசூலில் முதலில் கொடுக்கப்படும்.

"தங்கதுரை பேரையும் போடச் சொல்லிக் கேப்போம் பெரிம்மா" என்றான் பழமலை.

"அதக் கேக்கப்போனா இத எடுத்துடுவாங்க. வுடுப்பா."

அவன் போனபின் அழுதேன்.

23-12-73, ஞாயிறு

மைதானத்துக்குப் போனேன். கேட்டில் இருந்தவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். "நம்ம தங்கதுரை அம்மா. உங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு? உள்ள போங்க."

"கிழிச்சிக் குடுப்பா" என்று காசை நீட்டினேன்.

அந்த டிக்கெட்டைச் சோற்றுப் பருக்கை வைத்து இங்கே ஒட்டியிருக்கிறேன். கார் கேட்டு நின்ற அந்த ஜனவரி பதினெட்டுக்கு உள்ள பக்கம் இது. இதுவரை இதில் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தேன்.