சொல்லிக் கொடுக்காத கேள்வி

நீலசந்திராவில் பிறந்து, ஊர் ஊராகப் பட்டாளத்துக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தி, ஆஸ்டின் டவுன் வாடகை வீட்டில் கண்மூடிய என் அம்மாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். முதலில் அதைத்தான் கேட்பாய். சர்க்கரை மாத்திரையை ஏமாற்றாமல் சாப்பிடுகிறார். டிவியில் ராணுவத் தளபதி யாராவது வந்தால் இப்போதும் எழுந்து நிற்கிறார், கையில் சோற்றுத் தட்டு இருந்தாலும். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் ஹவில்தாராகவே இருக்கிறார்.

எனக்குப் பத்திரிகையில் அதே வேலை. ராணுவச் செய்திகள். யார் எந்தப் பொறுப்புக்கு வந்தார், ஆள் எடுக்கும் கொள்கையில் என்ன மாறியது, யார் என்ன அறிவித்தார். "என் பொண்ணு ஜெனரலுங்ககூட பேசறா" என்று சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாய். பேசியதில்லை அம்மா. அவர்கள் பேசுவார்கள். நான் எழுதிக்கொள்வேன்.

இந்த முறை பேசிவிட்டேன்.

புதிதாக ஒரு லெப்டினன்ட் ஜெனரல் பொறுப்பேற்றார். பத்திரிகையாளர் சந்திப்பு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முந்தைய நாளே மக்கள் தொடர்பு அதிகாரி ஒவ்வொருவராக போனில் கூப்பிட்டுக் கேள்விகளைப் பங்கு வைத்துவிடுவார். இங்கே அந்த வேலையில் இருப்பவர் ஒரு கர்னல். வேலூர்க்காரர்.

"உனக்குப் பெண் அதிகாரிங்க பத்தி. சார் அதுல நல்லா பேசுவாரு, உனக்கும் ஹெட்லைன் கிடைக்கும்."

யாருக்கும் இதில் உறுத்தலில்லை. பதில் தயாராக இருக்கும். செய்தியும் பாதி தயாராக இருக்கும்.

போனை வைத்ததும் நீ நினைவுக்கு வந்தாய். குவார்ட்டர்ஸில் மாதம் ஒருமுறை நடக்கும் ஃபேமிலி வெல்ஃபேர் மீட்டிங். முன்வரிசையில் அதிகாரிகளின் மனைவிகள், பின்னால் புருஷனின் பதவி வரிசைப்படி மற்றவர்கள். என்ன கேட்பது என்று உங்களுக்கும் முந்தைய நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உனக்குத் தந்தது ஸ்கூல் வேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து நீ கேட்டது வேறு. எல்லையில் இருக்கும் புருஷன் செத்துப்போனால் குவார்ட்டர்ஸை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வீர்கள்?

உன் இடுப்பிலிருந்த எனக்கு முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பியது மட்டும் ஞாபகமிருக்கிறது. மீதியை நீதான் பிறகு சொன்னாய். மறுநாள் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் ஒன்றுதான் சொன்னார். "இத்தினி வருஷத்துல ஒரு ஆபீசர்கிட்ட நான் வாயத் தொறந்ததில்ல. நீ தொறந்துட்டே."

சந்திப்பில் நடந்ததைச் சொல்லும் முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் பழைய தெருவில் செல்வி அக்கா. அவர் மகன் தினேஷ் பட்டாளத்தில் சேர்ந்தான். பயிற்சியில் சுவரேறும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியை முடிக்காததால் அவன் முன்னாள் ராணுவத்தினன் ஆக மாட்டான். ராணுவ ஆஸ்பத்திரியும் இல்லை, பென்ஷனும் இல்லை. இது யாரோ ஒருவரின் கெட்ட எண்ணம் அல்ல. விதி அப்படி.

சந்திப்புக்கு முந்தைய வாரம் செல்வி அக்கா நம் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சேந்தப்போ தெருவுல பேனர் கட்டுனாங்கம்மா. இப்போ ஆஸ்பத்திரி கேட்ல கார்டு கேக்கறான். கார்டு இல்லன்னா நீ யாருன்றான். யாருன்னு சொல்றது?"

அப்பா உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்திரிகையாளர் சந்திப்பில் என் முறை வந்தது. எழுந்தேன். பயிற்சியில் உடைந்த பையன்களுக்கு யார் பொறுப்பு, சார்?

கர்னல் சிரித்தபடியே இருந்தார். பல் மட்டும். ஜெனரல் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்திருக்க வேண்டும்."

பிறகு டீ. சமோசா. கர்னல் என்னை ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஏம்மா, அந்த ரெண்டாவது வரி வேணாம்."

"எது சார்?"

"தெரியாத மாதிரி கேக்காத. இருந்திருக்கணும்னாரே. அது மனுஷனா சொன்னது. ஜெனரலா சொன்னதில்ல."

"யூனிஃபார்ம்லதான சார் இருந்தாரு."

"வாய் இருக்கு உனக்கு. உன் பாஸ் ரின்யூவலுக்கு என் டேபிளுக்குத்தான் வரும். ஞாபகம் வெச்சிக்க."

அந்த அனுமதி பாஸ் இல்லாமல் ராணுவ வளாகத்தின் கேட்டுக்குள் போக முடியாது. கேட்டுக்குள் போகாதவளைப் பத்திரிகையில் ராணுவச் செய்தி எழுத விடமாட்டார்கள். தண்ணீர் லாரி, குப்பை லாரிச் செய்திக்கு மாற்றிவிடுவார்கள். அதுவும் வேலைதான். ஆனால் என் வேலை இது.

முதல் வரியை மட்டும் எழுதினால் அது ஒரு கைவிரிப்பு. இரண்டாவது வரி இருந்தால்தான் தினேஷுக்கு ஏதோ பாக்கி இருக்கிறது என்று ஆகும். ஒரு பெரிய அதிகாரி தன் வாயால் ஒப்புக்கொண்ட பாக்கி. அதைச் சொல்ல அவருக்கும் துணிவு வேண்டியிருந்திருக்கும் இல்லையா? அதை மறைத்தால் அவருக்கும் நான் நியாயம் செய்யவில்லை.

இரண்டையும் எழுதினேன்.

பாஸ் வரவில்லை.

சில வாரம் கழித்து கர்னல் போன் செய்தார். "அந்தப் பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லு. இப்போதைக்கு ட்ரீட்மென்ட். சார் ஸ்பெஷலா பர்மிஷன் கொடுத்திருக்காரு. பாலிசி மாத்தச் சொல்லி மேலயும் எழுதியிருக்காரு. பாஸ் பத்தி மட்டும் கேக்காத."

கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்தவர் என்று அப்பாவைத் துணைக்கு அனுப்பினேன். அங்கே நடந்ததை செல்வி அக்காதான் வந்து சொன்னார். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பர்மிஷன் காகிதம் ஜன்னலுக்கு ஜன்னல் போயிருக்கிறது. தினேஷால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அந்த வழியாக ஒரு மேஜர் டாக்டர் வந்திருக்கிறார்.

"உங்கப்பா சட்டுனு எழுந்தாரும்மா. சல்யூட் அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அட்டென்ஷன்ல நின்னாரு. நின்னுக்கிட்டே கேட்டாரு பாரு. 'சாப், இந்தப் பையன் காலைலேர்ந்து வலியோட குந்தியிருக்கான். எப்ப பாப்பீங்க?'ன்னு. தமிழ்ல கேட்டாரு, அப்புறம் இந்தியில கேட்டாரு, அந்தாளு முழிக்கவும் கன்னடத்துலயும் கேட்டாரு."

டாக்டர் அங்கேயே பார்த்தார். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பென்ஷன் இல்லை. முன்னாள் ராணுவத்தினர் அட்டை இல்லை. கால் ஊன்றலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து அதே கதையை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை மேஜர் கர்னலாகிவிட்டார். நான் திருத்தவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எழுதறவதான நீ. உங்கம்மாவுக்கு எழுது. நான் கேட்டேன்னு."

எழுதிவிட்டேன் அம்மா.

தினேஷுக்கு அந்த அட்டை கிடைக்கும்வரை இந்தக் கேள்வியை விடமாட்டேன். கேட்டுக்கு உள்ளே விட்டால் உள்ளே, இல்லையென்றால் வெளியே ரோட்டில் நின்று. இனி நான் தனியாகவும் இல்லை.

வாயைத் திறந்தவளின் மகள்,
வாயைத் திறந்துவிட்டவரின் மகளும்.