கயிறு கட்டாமல் குடியை விட அனுமதி கோரி

அனுப்புநர்:
தி. முனிராஜ், த/பெ. திருமால்,
லாரி ஓட்டுநர்,
சொந்த ஊர்: பாப்பிரெட்டிப்பட்டி.
தற்சமயம் தங்கியிருப்பது: நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை, தொப்பூர், தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தர்மபுரி.

பொருள்: கோயில் கயிறு கட்ட மறுத்ததால் மது மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டது – மறுபடி சேர்த்துச் சிகிச்சையைத் தொடர உத்தரவிட வேண்டுதல் – மிக அவசரம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பல வருடம் லாரி ஓட்டியவன், அதில் பெரும்பகுதி குடித்தவன். இந்தக் கோடையில் கை நடுங்கி ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல் போகவே, அரசு மானியம் பெறும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நானாகவே போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பதால் இல்லத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. தாங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன்.

2. மருத்துவர் கொடுத்த மாத்திரையாலும், ஆலோசகர் திருமதி மணிமேகலை அவர்களின் பேச்சாலும் நான் குடிக்காமல் இருந்தேன். சோறு ருசித்தது, தூக்கம் வந்தது. என் மனைவி பானுமதி பார்க்க வந்தபோது, நான் டம்ளரைச் சிந்தாமல் பிடித்ததைப் பார்த்து அழுதாள்.

3. அந்த இல்லத்தில் பௌர்ணமிதோறும் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துப் போய், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டுவார்கள். நம் பக்கத்தில் இது வழக்கம்தான். சென்ற பௌர்ணமியன்று நான் மறுத்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சாமியைத் திட்டுகிறவனும் அல்ல, கும்பிடுகிறவர்களைக் கேலி செய்கிறவனும் அல்ல. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நிர்வாகி திரு. குப்புராஜ் அவர்கள், "சும்மா கட்டிக்கோங்க முனிராஜ், நம்பறீங்களா இல்லியான்னு யாரு பாக்கப் போறாங்க?" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளாததால், மற்றவர் மனமும் கலைந்துவிடும் என்று கூறி மறுநாள் என் பையை வாசலில் வைத்துவிட்டார். மாத்திரையும் நின்றுபோயிற்று.

4. சும்மா கட்டிக்கொள்ள எனக்குத் தெரியாதா ஐயா? இருமுறை கட்டியவன் நான். முதல் முறை ஆறு மாதக் கெடு. கெடு முடிந்த அன்று நண்பர்கள் பாட்டிலோடு காத்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்த கையோடு குடித்தேன். இரண்டாம் முறை ஆயுளுக்கும் என்று கட்டினேன். குடிக்கும்போது அதைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டுவேன், குடித்து முடித்ததும் கையில் போட்டுக்கொள்வேன். கையில் இல்லாத நேரத்தில் குடித்தால் சத்தியம் மீறியதாகாது என்று கிளீனருக்குச் சட்டம் வேறு சொல்லிக் கொடுத்தேன். இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. என் குடி முழுக்க இப்படிப்பட்ட பொய்யில்தான் ஓடியது. நம்பாமல் மறுபடி கட்டினால் அந்தப் பொய்யைத்தான் மறுபடி கையில் கட்டிக்கொள்வேன்.

5. பானுமதி நம்புகிறவள். கயிறு கட்டியவன் குடித்தால் சாமி உயிரை எடுத்துவிடும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. இரண்டாம் கயிறு கட்டிய பிறகும் என் வாயில் வாடை கண்ட நாள்முதல், அந்தத் தண்டனை தனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் பட்டினி கிடந்தாள். மயங்கி விழுந்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றியபோது, நர்ஸ் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். நான் இன்னொரு கயிறு கட்டினால், எங்கே தவறிவிடுவேனோ என்ற பயத்திலேயே அவள் பட்டினியைத் தொடங்கிவிடுவாள். கட்டாமல் வீட்டுக்குப் போனால் அவளே என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவாள். ஆகவே நான் வீட்டுக்குப் போகவில்லை.

6. நண்பர் தீர்த்தகிரி தன் பஞ்சர் கடையில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் கடைக்கு வரும் லாரிக்காரர்களில் பாதிப் பேர் என்னோடு குடித்தவர்கள். "ஒரு கட்டிங் போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். குடிக்கத் தோன்றினால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று மணிமேகலை அவர்கள் கூறுவார். சொல்ல வேறு ஆள் இல்லாததால் தங்களிடம் சொல்கிறேன்: இதை எழுதும்போதே எனக்குக் குடிக்க வேண்டும் போலிருக்கிறது. மிகவும் பயமாக இருக்கிறது ஐயா.

7. கயிறு கட்ட விரும்புகிறவர்கள் கட்டட்டும். அதை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கட்டாமலே என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளவும், மாத்திரையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்யவும் இன்றே உத்தரவிடக் கோருகிறேன்.

8. மனுவை வாங்கிக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறோம், போய் வாருங்கள் என்பது அலுவலக நடைமுறை. அதில் தவறில்லை. ஆனால் இங்கிருந்து பேருந்து ஏறும் இடம் வரை தனியே நடந்து போக எனக்குத் தைரியம் இல்லை. வழியில் மதுக்கடை இருக்கிறது, காலையில் நான் வந்தபோது அது திறந்திருக்கவில்லை. உத்தரவு வரும்வரை தங்கள் அலுவலக வராந்தாவில் ஓரமாக உட்கார்ந்திருக்க அனுமதிக்க வேண்டும். மாலையில் கேட்டைப் பூட்டும்போது என்னை வெளியே அனுப்ப வேண்டாம் என்று காவலரிடம் தயவுசெய்து சொல்லவும். உள்ளே வைத்துப் பூட்டினாலும் எனக்குச் சம்மதமே.

இடம்: தர்மபுரி
நாள்: 14.07.2025, திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காக வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்) தி. முனிராஜ்