உன் அக்கா எழுதிய வரி

மச்சானுக்கு,

நான் எழுதிய கணினி நிரலை நகலெடுத்துத் தனியாக நடத்தாதே என்று கெஞ்சினேன். "யார் வேணா எடுத்துக்கலாம்னு உரிமம் போட்டது நீங்கதானே மாமா? மனசுல இருந்ததை அதுலயே எழுதியிருக்கணும்" என்று சிரித்தாய். ஆத்திரத்தில் என்னிடமிருந்ததை அழித்தேன். உன் அக்கா இறந்த அன்றும் உன்னோடு பேசவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் தினமும் உன் நகலைத்தான் திறக்கிறேன். நடுவே, நான் எழுந்துபோன நேரத்தில் அவள் தட்டிவைத்த குறிப்பு அப்படியே இருக்கிறது: "சாப்பாடு ஆறுது. மிச்சத்தை அப்புறம் எழுதுங்க." மனிதர் படிக்க மட்டும் எழுதும் குறிப்பு என்பதால் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். என்னால் முடியவில்லை.

அடுத்த பதிப்பில் பழைய குறிப்புகளை நீக்கப்போகிறாயாம். உரிமம் உன் பக்கம்தான். அந்த வரியை நான் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குள் அவள் இருக்கட்டும். அதை மட்டும் நீக்காமல் விட்டுவிடு.

உன் அக்காவின் கணவன்