முருகனின் இருமல்

செவ்வாய், ராத்திரி.

பார்ல புகை பிடிக்கத் தடை போடறதப் பத்தி இன்னைக்கு மத்தியானம் என் பார்லயே கூட்டம். சுகாதாரத்துறை அதிகாரி வர்றதுக்கு முன்னாடி, சாம்பல் தட்ட வைக்கிற சாசரையெல்லாம் சப்ளையர் முருகன்தான் எடுத்து ஒளிச்சான். அவன் சிகரெட்டை வாயில வச்சதே கிடையாது.

"புகையால உங்க ஆளுங்களுக்குத் தொந்தரவு இல்லையா?"ன்னு அதிகாரி கேட்டார்.

"ஒருத்தனும் குறை சொன்னதில்ல சார்"னு சொல்லிட்டேன்.

டீ வச்சிட்டிருந்த முருகனுக்கு அப்பத்தானா இருமல் வரணும்? துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினான். திரும்பி வந்தப்ப கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. அதிகாரி அவனையே பார்த்தார். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவனே, "மழையில நனைஞ்சிட்டேன் சார், சளி"ன்னான்.

மழையா? வெயில் மண்டையப் பொளக்குது.

கூட்டம் முடிஞ்சதும் சாசரையெல்லாம் திரும்ப மேஜைல வச்சான். மூலக்குளம் பஸ்ஸுக்குக் கிளம்பறப்ப, "அண்ணே, நான் சொன்னது சரிதானே?"ன்னு கேட்டான்.

சரின்னு தலையாட்டினேன்.